கையாலேயே பராமரிக்க ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: டர்பனில் எதை வாங்கலாம்?

சாட்ஸ்வொர்த் பக்கி:

வணக்கம். எனக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, அதனால் வாரத்தில் இரண்டு பகல் முழுதாகக் கையில் இருக்கிறது. வீட்டில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு கேரேஜ், அப்பா விட்டுப்போன ஸ்பேனர், சாக்கெட் செட், ஒரு டிராலி ஜாக், நான்கு ஸ்டாண்டு. இப்போது ஓட்டுவது நிசான் 1400 பக்கி, சின்ன பிக்கப் வண்டி. அதில் கார்புரேட்டர், பாயிண்ட், வால்வு கிளியரன்ஸ், கிளட்ச், ஒரு முறை ஹெட் கேஸ்கட் வரை நானே செய்திருக்கிறேன். வெல்டிங் மட்டும் வராது.

சின்ன வயதிலிருந்து ஒரு ஆசை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் போக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், அதை வேறு யார் கையிலும் கொடுக்காமல் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடமாகச் சேர்த்து 140 ஆயிரம் ரேண்ட் வைத்திருக்கிறேன். கார், முதல் வருட ரிப்பேர் எல்லாம் இதற்குள் முடிய வேண்டும், கடன் வாங்க மாட்டேன்.

இப்போது கண்ணில் பட்டவை: கடலோரம் பிளஃப் பக்கம் ஒரு 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், சிவப்பு, புது பெயிண்ட், பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜோபர்கில் (ஜோகன்னஸ்பர்க்) ஒரு ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டா ஜிடிவி. பைன்டவுனில் ஒரு போர்ஷே 944, விலை கேட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நண்பர்கள் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 1 ஜிடிஐ வாங்கு என்கிறார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றியும் நிறையப் படித்தேன்.

எது வேகம் என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுதானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன்மார், அக்காமார் யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மெரேபேங்க் ஃபிட்டர்:

தம்பி, நீ எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இரண்டு வார்த்தை. ஒன்று பிளஃப், இன்னொன்று புது பெயிண்ட்.

நான் 38 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன், வீட்டிலும் பழைய கார்தான். இஞ்சின் போனால் இறக்கலாம், கியர்பாக்ஸ் போனால் பிரிக்கலாம், பிரேக் எல்லாம் ஒரு நாள் வேலை. துரு அப்படி இல்லை. வெல்டிங் வராது என்று நீயே சொல்லிவிட்டாய், அப்படியானால் உனக்குத் துருப் பிடித்த கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் விலை அதிகம்தான், ஏனென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நீ இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். அதனால் எந்த மாடல் என்று அப்புறம் பார், முதலில் பாடியைப் பார். பாடி நன்றாக இருந்து இஞ்சின் புகை விடுகிற கார், இஞ்சின் பளபளவென்று இருந்து பாடி உளுத்த காரை விட உன்னைப் போன்றவனுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. பிளஃபில் மூன்று பக்கமும் தண்ணீர். அங்கே பல வருடம் வெளியில் நின்ற காரா, கேரேஜில் நின்ற காரா என்று கேள். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டிச் சட்டம், சில் என்போம், அதுதான் முதுகெலும்பு. அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்காக இருக்கும். வெளித்தகட்டை மட்டும் மாற்றி பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியில் புதுசு, உள்ளே சல்லடை.

நீ போகும்போது ஒரு சின்ன காந்தம் எடுத்துப்போ, மெல்லிய துணியில் சுற்றிக்கொள், பெயிண்ட் கீறாது. சில்லின் அடிப்பக்கம், சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, ஹெட்லைட்டுக்கு மேலே, எல்லா இடத்திலும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான். அடுத்து, கதவைத் திறந்து மூடி இடைவெளியைப் பார்த்துக்கொள். உரிமையாளரிடம் கேட்டு ஜாக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கி மறுபடி திறந்து மூடு. கதவு உரசினாலோ இடைவெளி மாறினாலோ, இல்லை ஜாக் வைத்த இடமே நொறுநொறுவென்று சத்தம் போட்டாலோ, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது, அதனால் இந்த வளைவு அதில்தான் அதிகம் தெரியும்.

இன்னொன்று. சில் மாற்றும்போது கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து பற்றவைத்து, அளவு மாறாமல் பிடித்துக்கொண்ட பிறகுதான் பழசை வெட்ட வேண்டும். என் உறவினர் ஒருவரின் காரில் ஒரு பேனல் பீட்டர் அப்படிச் செய்யாமல் வெட்டினார், அதற்குப் பிறகு கதவு ஒரு நாளும் சரியாக மூடவில்லை. ரிப்பேர் நடக்கும்போது எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேள். நல்ல வேலை செய்தவர்கள் படம் வைத்திருப்பார்கள்.

ரீஃப் ரோட்ஸ்டர்:

ஜோபர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஃபிட்டர் ஐயா சொன்னது முழுக்க சரி. ஆனால் நான் வேறு பக்கம் இழுப்பேன்: எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை. 1989இல் வந்த கார் என்றாலும் இப்போது அதுவும் பழைய கார்தான். என்னிடம் 1600 சிசி இஞ்சின் உள்ளது, ஒன்பது வருடமாக. கையால் செய்ய ஏற்ற கார் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணம். டைமிங் பெல்ட் அறுந்தாலும் அந்த 1600இல் வால்வும் பிஸ்டனும் மோதாது, கார் நிற்கும், இஞ்சின் உடையாது. வால்வு லிஃப்டர் ஹைட்ராலிக், கிளியரன்ஸ் பார்க்கும் வேலையே இல்லை. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசியும், அது தெரிந்த விஷயம், அரை மணி நேர வேலை.

பார்க்க வேண்டியது: 1991 நடுவரை வந்த சில 1600 இஞ்சின்களில் கிராங்க் முனை குட்டையாக இருக்கும், அதில் முன் புல்லி தளர்ந்து கிராங்கையே கெடுத்துவிடும். பின்சக்கரத்துக்கு முன்னால் சில் துருப்பிடிக்கும், ஏனென்றால் கூரைத் துணியிலிருந்து வரும் தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மெல்லிய கம்பியோ பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளோ விட்டுச் சுத்தம் செய்தால் போதும், இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள்.

ஒரே சிக்கல், எங்கள் பக்கம் நல்லது ஒன்று விற்பனைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் நீ ஷிஃப்ட் முடித்து போன் செய்வதற்குள் போய்விடும்.

அப்புறம் எதை வாங்கினாலும் முடிந்தால் இங்கே மேலே வந்து வாங்கு. ஜோபர்க் காற்று காய்ந்த காற்று, பழைய காரின் தகடு இங்கே பிழைத்திருக்கும். 600 கிலோமீட்டர் தூரம் என்று யோசிக்காதே, ஒரு வெல்டிங் பில்லோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

காரீகா பார்ட்ஸ் அக்கா:

தம்பி, நான் கோல்ஃப் கட்சி. உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் 11 வருடம் நின்றவள், அதனால் என் கண் எப்போதும் அலமாரியைத்தான் பார்க்கும்.

இங்கே ஊட்டன்ஹேக்கில், இப்போது காரீகா என்கிறோம், சிட்டி கோல்ஃப் 1984 முதல் 2009 வரை உற்பத்தியானது. உலகம் முழுதும் கோல்ஃப் 1 நின்ற பிறகும் நம் நாட்டில் அதே உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் பேரிங், புஷ், பிரேக், கிளட்ச் கேபிள், கதவு ரப்பர் என்று எது கேட்டாலும் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும், ஸ்கிராப்யார்டிலும் கிடைக்கும். எம்ஜிக்கு எல்லாப் பாகமும் கிடைக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து. பவுண்டு விலை, அனுப்பும் செலவு, சுங்கம், அதன் மேல் 15 சதவீத வாட், அப்புறம் காத்திருப்பு. அடுத்த ஞாயிறு ஓட வேண்டும் என்று நீ எழுதினாயே, அந்த வரிக்குத்தான் பதில் சொல்கிறேன்.

ஆனால் ஒரு உண்மையையும் மறைக்க மாட்டேன். பழைய ஜிடிஐயில் இருப்பது கே-ஜெட்ரானிக், மெக்கானிக்கல் ஃபியூயல் இஞ்செக்ஷன். கம்ப்யூட்டர் கிடையாது, அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் உன் பக்கியின் கார்புரேட்டர் மாதிரி காதால் கேட்டுச் சரிசெய்ய முடியாது, பிரஷர் கேஜ் செட் வேண்டும். சூடாக நிறுத்தி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் முதலில் பெட்ரோல் அழுத்தம் நிற்கிறதா என்று பார், அக்யூமுலேட்டரோ பம்பின் செக் வால்வோ போயிருக்கும். இன்னொன்று, பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்குழாய் உள்ளேயே துருப்பிடிக்கும், அந்தத் துரு டேங்குக்குள் இறங்கி ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் வரை போய்விடும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த கோல்ஃபும் வாங்காதே. முன் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் இறங்கி ஃபியூஸ் பெட்டி நனையும், அதையும் பார்.

சாதாரண சிட்டியை ஜிடிஐ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பாகத்தை மாற்றி வைப்பது சுலபம், அதனால் இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவுத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பார்.

சாட்ஸ்வொர்த் பக்கி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை பிளஃபுக்குப் போனேன், காந்தத்தோடு.

இடது சில்லில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. பின் வளைவில் இன்னும் மோசம். உரிமையாளர் நல்ல மனிதர், அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன், அவர் வாங்கும்போதே புது பெயிண்டாம். ஜாக் போட விட்டார். தூக்கியதும் கதவு மேல்பக்கம் உரசியது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன், வரும் வழி முழுக்க மனசே இல்லை.

அக்கா சொன்ன கோல்ஃப் புத்திக்குச் சரி என்று படுகிறது, ஆனால் மனது அந்த நீண்ட பானெட்டிலும் பின்சக்கர ஓட்டத்திலும்தான் நிற்கிறது. அதனால் 944 பற்றி யாராவது சொல்லுங்கள். பாடியில் துருவே இல்லை, காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. விலையும் 90 ஆயிரம்தான். ஏன் இவ்வளவு மலிவு?

மாரிட்ஸ்பர்க் எம்ஜி:

944 வேண்டாம் தம்பி. கெட்ட கார் என்பதால் சொல்லவில்லை, அருமையான கார், துரு இல்லாததற்கும் காரணம் இருக்கிறது, அதன் தகடு துத்தநாகம் பூசியது. என் நண்பரிடம் இருந்தது, இரண்டு வருடம் கூடவே வேலை பார்த்தேன். அதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும், பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனி பெல்ட் வேறு, இரண்டையும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாற்றி இழுவிசையைச் சரியாக வைக்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது, அதனால் கிளட்ச் மாற்ற எக்ஸாஸ்டிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் முழுதும் இறக்கிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நீ தரையில் படுத்துக்கொண்டு, நான்கு ஸ்டாண்டின் மேல், தனியாக. விலை மலிவாக இருப்பது அந்த வேலைகள் பாக்கி இருப்பதால்தான் இருக்கும். பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் காட்டச் சொல், காட்ட முடியாவிட்டால் 90 ஆயிரம் என்பது முன்பணம் மட்டும்தான்.

ஆல்ஃபெட்டாவும் அதே போல கிளட்ச், கியர்பாக்ஸ் பின்னால், பின் பிரேக் டிஸ்க்கும் டிஃபரன்ஷியல் பக்கத்தில் உள்ளடங்கி இருக்கும். ஓட்ட சுகம், அடியில் படுத்துக் கிடக்க சுகமில்லை. ஆல்ஃபா கம்பெனி 1980களின் நடுவில் பிரிட்ஸ் ஊரில் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டுப் போய்விட்டது, பாகத்துக்குத் தெரிந்த ஆட்கள் வட்டம் வேண்டும்.

இப்போது என் பேச்சு. நீ எம்ஜிபியை விட்டுவிடாதே, அந்தக் காரை விட்டுவிடு. ரோட்ஸ்டர் வேண்டாம், ஜிடி பார். 1965இல் வந்தது, கூரையோடு கூடிய கூபே, பின்னால் கதவு மாதிரி திறக்கும். ரோட்ஸ்டர் மேல்தான் எல்லோருக்கும் மோகம், அதனால் நான் பார்த்தவரை அதே நிலையில் இருக்கிற ஜிடி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கூரை உடம்பைப் பிடித்துக்கொள்ளும். நம் மிட்லேண்ட்ஸ் மழையிலும் நனையாது.

உன் பக்கியில் நீ செய்த அத்தனை வேலையும் இதில் அப்படியே பொருந்தும். 1798 சிசி, புஷ்ராட், நான்கு சிலிண்டர், பாயிண்ட், கண்டென்சர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு போல்ட்டும் கண்ணுக்குத் தெரியும், கை போகும். என்னிடம் 17 வருடமாக இருக்கிறது. கிளட்ச் மாற்ற இஞ்சினை இறக்க வேண்டும், அது ஒன்றுதான் பெரிய வேலை. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்க வேண்டும், பழைய ஆட்கள் விற்கிற காரில் இது ஒழுங்காக நடந்திருக்கும், இளசுகள் கைமாறிய காரில் நிப்பிள் காய்ந்து கிடக்கும். அதை வைத்தே அந்தக் கார் எப்படிப் பார்க்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

பார்க்கப் போகும்போது கம்ப்ரெஷன் டெஸ்டர் எடுத்துப்போ. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். ஹெட்டில் வால்வு சீட் கெட்டியானதாக மாற்றியிருக்கிறார்களா என்றும் கேள், 2006இலிருந்து நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது, பழைய இரும்பு ஹெட் சீட் மெல்லத் தேயும். மாற்றவில்லை என்றாலும் பயமில்லை, கிளியரன்ஸ் குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம், ஹெட்டைக் கழற்றும் நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

பாகத்தைப் பற்றி அக்கா சொன்னது நியாயம். நான் செய்வது இது: பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், கிளட்ச் மாஸ்டர் ஸ்லேவ் ரப்பர் கிட், பிரேக் ஹோஸ், ஹெட் கேஸ்கட் செட், இவ்வளவும் ஒரு டிரங்குப் பெட்டியில் எப்போதும் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை நான்கு எம்ஜிக்காரர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்போம், எடுத்ததை நிரப்பிவிடுவோம். ஆக, காத்திருப்பு பெட்டிக்குத்தான், காருக்கு இல்லை.

காரீகா பார்ட்ஸ் அக்கா:

டிரங்குப் பெட்டி யோசனைக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். தம்பி, அப்படியானால் பட்ஜெட்டில் பெட்டிக்கென்று 15 ஆயிரத்தை முதலிலேயே தனியாக எடுத்து வை, காருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் பார்க்கலாம் என்று நினைத்தால் மிச்சம் இருக்காது. டயரின் தேதியையும் பார், பழைய காரில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும்.

மெரேபேங்க் ஃபிட்டர்:

பேப்பர் வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தனியாரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதுவார்கள், உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். கடையில் வாங்கினால் நுகர்வோர் சட்டம் உனக்குத் துணை நிற்கும், வீட்டுக்காரரிடம் ஒரு தரம் வாங்கும் காருக்கு நிற்காது. தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபித்தால் வழி உண்டு, நிரூபிப்பது யாரால் முடியும்? அதனால் பணம் கொடுக்கும் முன்பே பார்ப்பதுதான் பார்ப்பது. கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் செய்தியாக அனுப்பி எழுத்தில் வாங்கிக்கொள்.

ரோடுவொர்த்தி சான்றிதழ், அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, யார் எடுப்பது என்று முதலிலேயே பேசு. அது இல்லாமல் உன் பெயருக்கு மாறாது, எடுத்த நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். இஞ்சின் மாற்றிய காராக இருந்து பதிவில் பழைய நம்பரே இருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கும் வரை அலைய வேண்டும், அந்த அலைச்சலை விற்பவர் முடித்துக் கொடுக்கட்டும். லைசென்ஸ் டிஸ்க் பல வருடம் புதுப்பிக்காத கார் என்றால் பாக்கியும் அபராதமும் எவ்வளவு என்று கேட்டுவிட்டு விலை பேசு.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதே. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு நட்டு விழுந்தது என்று கையை நீட்டினார், ஜாக் சீல் போய் கார் இறங்கியது. கை பிழைத்தது, இரண்டு விரல் இன்று வரை மடங்காது. ஸ்டாண்டு போடு, போட்ட பிறகு காரைத் தோளால் தள்ளிப் பார், அசையாவிட்டால்தான் உள்ளே போ.

சாட்ஸ்வொர்த் பக்கி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வாங்கிவிட்டேன்!

1972 எம்ஜிபி ஜிடி, கரும்பச்சை, ஜோபர்க் பக்கத்து பெனோனியில் ஒரு வயதானவரிடமிருந்து, 98 ஆயிரம். ரீஃப் ரோட்ஸ்டர் அண்ணன் தன் விடுமுறை நாளில் எனக்கு முன்னால் போய்ப் பார்த்துப் படம் அனுப்பினார், இந்த உதவியை மறக்க மாட்டேன். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, பின் வளைவில் மட்டும் சின்ன பட்டி. கிங்பின் நிப்பிளில் புது கிரீஸ், பார்த்ததுமே மனசு முடிவெடுத்துவிட்டது. கம்ப்ரெஷன் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெயிண்ட் மங்கல், சீட் கிழிசல், அதெல்லாம் எனக்குக் கவலையில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் என் பெயருக்கு மாறியது, உம்பிலோ கோயிலில் அம்மா எலுமிச்சை வைத்துப் பூஜை போட்டார்கள்.

வேன் ரீனன்ஸ் கணவாய் இறங்கி என்3 நெடுஞ்சாலை வழியாக நானே ஓட்டி வந்தேன். அங்கே நன்றாக ஓடிய கார், இங்கே வந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாக இருமுகிறது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது சூடு காட்டும் ஊசி வழக்கத்தை விட மேலே போகிறது, கியர் இறக்காமல் மிதித்தால் டிக்டிக்கென்று தட்டும் சத்தம். ஸ்பார்க் பிளக்கை எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. ஏதாவது உடைந்துவிட்டதா? பயமாக இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் எம்ஜி:

ஒன்றும் உடையவில்லை தம்பி, உன் கார் இன்னும் ஜோபர்கிலேயே ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறது. அங்கே 1,700 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, அதற்கேற்ப அந்தப் பெரியவர் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார், பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கையும், முன்னால் தள்ளி வைத்திருப்பார், அங்கே அப்படித்தான் செய்வார்கள். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தி, பெட்ரோல் போதவில்லை. அதனால்தான் இருமலும், வெள்ளை பிளக்கும், சூடும். தட்டும் சத்தம் டைமிங்கால் வருவது. சரிசெய்யும் வரை மலை ஏறாதே, இப்படியே ஓட்டினால் வால்வு கருகும்.

வரிசையை மாற்றாமல் செய். முதலில் வால்வு கிளியரன்ஸ், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 15 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. அடுத்து பாயிண்ட் இடைவெளி, அதுவும் 15 தௌ. அதன் பிறகு டைமிங் லைட் போட்டுப் புத்தகத்தில் உள்ள அளவுக்கே பின்னால் கொண்டுவா. 95 ஆக்டேன் பெட்ரோல் போடு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொட வேண்டும்.

கார்புரேட்டரில் முதலில் டாஷ்பாட் மூடியைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பார், 20 கிரேடு ஆயில் போதும், அது வற்றியிருந்தாலும் மிதிக்கும்போது இருமும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் உறிஞ்சும் சத்தம் ஒன்றாக இருக்கும் வரை த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்பு. பிறகு அடியில் உள்ள ஜெட் நட், அதை இரண்டிலும் ஒரே அளவு, ஒரு நேரத்துக்கு நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் மட்டும், கீழ்நோக்கித் திருப்பு. கீழே இறங்கினால் பெட்ரோல் கூடும். ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு பக்கத்தில் உள்ள சின்னத் தூக்குக் கம்பியால் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பார். வேகம் விழுந்து நிற்கப் பார்த்தால் இன்னும் பெட்ரோல் வேண்டும். ஏறி ஏறியே நின்றால் அதிகமாகிவிட்டது. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் அதுதான். எனக்குப் போன முறை ஒரு காரை ஜோபர்கிலிருந்து இறக்கியபோது இரண்டரை முகம் ஆயிற்று, உனக்கு எவ்வளவோ அது காரே சொல்லும்.

ஞாயிறு காலை பண்ணு, ஃபீல்ட்ஸ் ஹில் ஏறிப் பார்த்து பிளக் நிறம் என்ன என்று எழுது. இளம் பழுப்பாக வர வேண்டும்.

சாட்ஸ்வொர்த் பக்கி:

டைமிங் ஐந்து டிகிரி முன்னால் இருந்தது. ஜெட் நட் இரண்டு முகம். ஃபீல்ட்ஸ் ஹில் மேலே க்ளூஃப் வரை மூன்றாம் கியரில் ஒரு இருமல் இல்லாமல் ஏறியது, ஊசி நடுவிலேயே நின்றது. பிளக் நான்கும் பிஸ்கட் நிறம். அம்மா பக்கத்து சீட்டில் இருந்தார்கள்.